சாம்பல் ஆண்டில் மதீனாவின் அடுப்புகள்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை (கி.பி. 639) வரலாற்றாசிரியர்கள் ‘ஆமுர் ரமாதா’ என்று குறிப்பிடுகின்றனர். சாம்பல் ஆண்டு என்பது அதன் பொருள். ஒன்பது மாத காலம் மழை பொய்த்து, ஹிஜாஸ் நிலம் கருகியது. காற்று வீசும்போதெல்லாம் மண் சாம்பலைப் போலப் பறந்தது. பசியோடு ஆட்டை அறுத்தவரும் அதன் மெலிவைக் கண்டு உண்ண மனமின்றிக் கைவிட்டார் என்கிறார் இமாம் தபரி. பாலைவனக் கோத்திரங்கள் நாற்புறமிருந்தும் மதீனாவை நோக்கி வந்து, நகரின் எல்லைகளில் தங்கின.

இந்த ஆண்டு நம் மேடைகளுக்குப் புதியதன்று. மழை வேண்டித் துஆ கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதை வைத்துக்கொண்டு வஸீலா கூடுமா, கூடாதா என்று நாம் விடிய விடிய வாதாடியிருக்கிறோம். அந்தத் துஆவுக்கு முந்தைய மாதங்களில் மதீனாவில் எத்தனை அடுப்புகள் எரிந்தன, அவற்றுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை.

இப்னு ஸஅத் தம்முடைய ‘தபகாத்’தில் அதை விரிவாகவே பதிந்துள்ளார். நகரின் ஒவ்வோர் எல்லைக்கும் உமர் (ரலி) அவர்கள் பொறுப்பாளர்களை நியமித்தார்கள். மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) அவர்கள் அவர்களுள் ஒருவர். வந்திருப்போரின் நிலையைக் கவனித்து உணவைப் பங்கிடுவதும், மாலையில் கலீஃபாவிடம் கூடி அன்று நடந்ததை ஒப்புவிப்பதும் அவர்களுடைய பணி. சமைப்போர் ஸஹர் நேரத்திலேயே எழுந்து பெரிய பாத்திரங்களை அடுப்பில் ஏற்றினர். ஓர் இரவு, உணவருந்த வந்தவர்களை எண்ணுமாறு கலீஃபா பணித்தார்கள். 7,000 பேர் இருந்தனர். வர இயலாத நோயாளிகளையும் குழந்தைகளையும் எண்ணச் சொன்னபோது 40,000 பேர் எனத் தெரிந்தது. சில இரவுகளுக்குப் பின் அவை முறையே 10,000 என்றும் 50,000 என்றும் உயர்ந்தன.

பந்திக்கு வந்தவர்களைவிட வராதவர்கள் ஐந்து மடங்கு! எண்ணிப் பார்த்திராவிட்டால், 7,000 பேருக்கு உணவளித்த நிறைவோடு அந்த இரவு முடிந்திருக்கும். ஒவ்வொரு ரமழானிலும் வாசலுக்கு வந்து கேட்பவருக்கு நாம் கொடுக்கிறோம். வாசலுக்கு வரக் கூச்சப்படுபவரையும் வர இயலாத நோயாளியையும் நம் மஹல்லாவில் எண்ணிப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி, இந்தப் பக்கங்களைப் படித்த நாள் முதல் நம்மை விட்டு அகலவில்லை.

மதீனாவின் கையிருப்பு விரைவிலேயே தீர்ந்தது. மாகாண ஆளுநர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. முதலில் வந்து சேர்ந்தவர் ஷாமின் ஆளுநர் அபூ உபைதா (ரலி) அவர்கள். 4,000 ஒட்டகங்களில் உணவுப் பொருளோடு வந்தார்கள். பங்கிடும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்த கலீஃபா, பணி முடிந்ததும் 4,000 திர்ஹம் வழங்க முன்வந்தபோது, தாம் அல்லாஹ்வுக்காகவே செய்ததாகக் கூறி அபூ உபைதா மறுத்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தமக்கும் இவ்வாறே ஊதியம் கொடுத்ததையும், தாம் மறுத்தபோது ஏற்கச் செய்ததையும் உமர் (ரலி) எடுத்துக் கூறிய பின்னரே பெற்றுக்கொண்டார்கள். அறப்பணியில் உழைப்பவருக்கு ஊதியம் கொடுப்பதை ஏதோ குறையாகக் கருதும் நம் ஜமாஅத்துகளில் சொல்லப்பட வேண்டிய செய்தி இது. பிற்காலத்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கும் பழைய கால்வாயைத் தூர்வாரி, எகிப்தின் தானியம் கப்பல் வழியே ஹிஜாஸ் வந்து சேர வழிசெய்தார்கள்.

கலீஃபாவின் வீட்டிலும் பஞ்சம் நுழைந்தது. மக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வரை நெய்யையும் இறைச்சியையும் சுவைப்பதில்லை என்று உமர் (ரலி) சத்தியம் செய்தார்கள். எண்ணெயை மட்டுமே உண்டதால் அவர்களுடைய நிறமே கறுத்துப் போயிற்று. கடைத்தெருவில் நெய்யும் பாலும் வந்திருப்பதைக் கண்ட பணியாளர் 40 திர்ஹம் கொடுத்து வாங்கி வந்தபோது, விலை மிகுதி என்று கடிந்து, இரண்டையும் தர்மம் செய்யச் சொன்னார்கள். மக்களைத் தொட்டது தம்மைத் தொடாவிட்டால் அவர்களுடைய நிலை தமக்கு எவ்வாறு புரியும் என்று அப்போது கேட்டார்கள். இன்னொரு நாள், தம் பிள்ளைகளுள் ஒருவன் கையில் முலாம்பழத்தைக் கண்டு கண்டித்தார்கள். சிறுவன் அழுதுகொண்டு ஓடினான். விசாரித்தபோது, ஒரு கைப்பிடி பேரீச்சங்கொட்டைகளைக் கொடுத்து அவன் அதை வாங்கியிருப்பது தெரியவந்தது. பிள்ளைகளைப் பெற்ற நமக்கு, நெய்யை விலக்கியதைவிட இந்தப் பழம்தான் அதிகம் உறுத்துகிறது.

இத்தனையும் செய்தும் மரணங்கள் நிகழ்ந்தன. ஒரே நேரத்தில் பத்து ஜனாஸாக்களுக்குக் கலீஃபா தொழுவித்ததைக் கண்டவர்கள் அறிவித்துள்ளனர். பஞ்சம் நீங்காவிட்டால் முஸ்லிம்களைப் பற்றிய கவலையிலேயே உமர் இறந்துவிடுவார் என்று தாங்கள் அஞ்சியதாக அவர்களுடைய பணியாளர் அஸ்லம் கூறுகிறார்.

மழை பெய்த பின் உமர் (ரலி) கூறிய ஒரு செய்தியை இமாம் புகாரி ‘அல் அதபுல் முஃப்ரத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். அல்லாஹ் இந்தத் துன்பத்தை நீக்கியிராவிட்டால், வசதியுள்ள எந்த முஸ்லிம் குடும்பத்தையும் விடாமல், அக்குடும்பத்தினரின் எண்ணிக்கைக்குச் சமமான ஏழைகளை அதனுடன் சேர்த்திருப்பேன் என்பது அதன் கருத்து. ஒருவருக்குப் போதுமான உணவை இருவர் பகிர்ந்தால் இருவரும் அழிந்துவிட மாட்டார்கள் என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். கணக்கு எளியது. ஐவர் வாழும் வீட்டில் பத்துப் பேர் உண்பார்கள். இதில் எங்கே உபகாரம் இருக்கிறது? யாருடைய பெயரை எந்தக் கல்வெட்டில் பொறிப்பது?

அந்த ஆண்டு உமர் (ரலி) ஜகாத் வசூலிக்க எவரையும் அனுப்பவில்லை. மழை பெய்ததும், மதீனாவில் தங்கியிருந்தவர்களுக்கு உணவும் வாகனமும் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மறு ஆண்டு, நிலம் பசுமை கண்ட பிறகு, வசூலிப்போர் புறப்பட்டனர். இரண்டு ஆண்டுகளின் ஜகாத்தையும் பெற வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஓராண்டுப் பங்கை அங்கேயே, அந்த மக்களின் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மற்றோர் ஆண்டின் பங்கை மட்டும் அவர்கள் மதீனாவுக்குக் கொண்டு வந்தார்கள்.