கவலை காத்த பெருவழி: உறையூர் – மதுரை நெடுவழியின் பிரிவுகளும் சந்திப்புகளும்

முன்னுரை

சாலைகளின் வரலாறு பெரும்பாலும் தொடக்க ஊரையும் முடிவூரையும் கொண்டே எழுதப்படுகிறது. உறையூரிலிருந்து மதுரைக்கு, கொங்கிலிருந்து மேலைக் கடற்கரைக்கு என வழிகளைக் கோடுகளாக வரைந்து காட்டுவது ஆய்வாளர்க்கு எளிது. வழிநடந்தோர் பட்டறிவு இதனின் வேறானது. வழி ஒன்றாகச் செல்லும்வரை அவர்கள் எவரையும் வினவ வேண்டியதில்லை. அது இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் இடத்திலேயே அறிவும் துணையும் தேவைப்படுகின்றன. அரசுக்கும் வணிகர்க்கும் கள்வர்க்கும் அவ்விடமே முதன்மையானது.

வழி பிரியும் இடத்தைப் பழந்தமிழ் ‘கவலை’ என்று வழங்கியது. கவை, கவடு, கவர் முதலிய சொற்களில் உள்ள பிளவுப் பொருளே இச்சொல்லிலும் உள்ளது. மனக்கலக்கத்தைக் குறிப்பதும் இதே வடிவமே. இன்றைய தமிழில் கலக்கப் பொருள் மட்டுமே பெருவழக்காக எஞ்சியிருக்க, மலையாளத்தில் ‘கவல’ என்னும் சொல் இன்றும் சாலைச் சந்திப்பை அன்றாட வழக்கில் குறித்து வருகிறது. ஒரு பழஞ்சொல்லின் இரு பொருள்கள் இரு மொழிகளில் பங்கிடப்பட்டு நிற்பதாக இதனைக் கொள்ளலாம்.

பெருவழிகள் நிலைபெற்றமை அவற்றின் நீளத்தைவிடக் கவலைகளைக் காத்த முறையையே சார்ந்திருந்தது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டும் உறையூர் – மதுரை வழியை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பிற இலக்கியச் சான்றுகளும் இரு பெருவழிக் கல்வெட்டுகளும் ஒப்புநோக்கப்படுகின்றன.

கவலையும் காவலும்

பெருவழி, கவலை, உல்கு ஆகிய மூன்றும் ஒருங்கே இடம்பெறும் சிறந்த சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சியை நோக்கிய வழியைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், மிளகுப் பொதிகளைச் சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினைக் காட்டியபின், சுங்கம் கொள்ளும் பெருவழியின் கவலைகளை வில்வீரர் காத்திருந்த செய்தியைக் கூறுகிறார். காவல் கவலையில் நிறுத்தப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. நெடுவழி முழுவதையும் காப்பது எவ்வரசுக்கும் அரிது. பிரிவிடத்தைக் காத்தால் அதனூடே செல்லும் எல்லா வழிகளும் காக்கப்படும்; சுங்கமும் தப்பாது. மிளகு மேற்கு மலைநாட்டு விளைபொருள் ஆதலின், அச்சாத்து நெடுந்தொலைவிலிருந்து வந்திருத்தல் வேண்டும். அல்லது நெடுந்தொலைவு கைமாறி வந்த சரக்கினைச் சுமந்திருத்தல் வேண்டும்.

சுங்கம் மக்கள் வாழ்வில் எத்துணைச் சுமையாயிருந்தது என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்றும் உண்டு. முதற் குலோத்துங்கன் (கி.பி. 1070–1120) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப் பெயரால் நினைக்கப்பட்டான். சுங்கத்தை நீக்கிய செயல் ஒரு பேரரசனின் புகழ்ப்பெயராகும் அளவுக்கு, வழிகளில் அது உணரப்பட்டிருந்தது.

காவலற்ற கவலையின் நிலையைப் பாலைப்பாடல்கள் காட்டுகின்றன. அகநானூற்றுப் பாடல் ஒன்று, உமணரின் வண்டிச் சக்கரம் பட்டுத் தலை சிதைந்த நடுகல்லைச் சித்திரிக்கிறது. கூரிய உளியால் பொறித்த எழுத்தின் கோடுகள் மறைந்துபோனதால், வழிச்செல்லும் புதியவர்க்கு அவ்வெழுத்து வேறு பொருள் தந்தது என்கிறார் புலவர். நடுகல் வீரனின் நினைவுக்காக நடப்பட்டது. வழிகாட்டுவது அதன் முதற்பணி அன்று. எனினும் கவர்த்த வழிகள் நிறைந்த காட்டில் எழுத்துடைய ஒரே பொருள் அதுவாக இருக்கையில், வழிப்போக்கர் அதனைப் படிக்க முயன்றனர். எழுத்து தேய்ந்தால் செய்தி மறைவதோடு பிறழவும் செய்யும் என்பதை அக்காலப் புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கொடும்பையில் பிரிந்த மூன்று நெறிகள்

சிலப்பதிகாரக் காடுகாண் காதை தமிழில் கிடைக்கும் மிக விரிவான வழி விளக்கங்களுள் ஒன்று. புகாரிலிருந்து காவிரியை ஒட்டி நடந்து உறையூர் சேர்ந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும், அங்கிருந்து தென்திசை நோக்கிச் செல்லுகையில் முதிய மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். அவன் குடமலை நாட்டு மாங்காட்டைச் சேர்ந்தவன். அரங்கத்திலும் வேங்கடத்திலும் திருமாலைக் காணப் புறப்பட்டவன். மேற்கு மலைநாட்டிலிருந்து பாண்டி நாட்டையும் சோழ நாட்டையும் கடந்து தமிழகத்தின் வடவெல்லை வரை செல்லும் ஒருவனையே இளங்கோ வழிகூறுவோனாகத் தெரிந்தெடுத்துள்ளார். கோவலன் நடக்கவிருக்கும் வழியை அவன் நடந்து முடித்துவிட்டான். ஆதலின் அவன் சொல் நேர்ச்சான்றாகிறது.

வேனிலில் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகிக் கிடக்கும் நிலத்தைக் கடந்து, கொடும்பை நெடுங்குளத்தின் கரையை அடைந்தால் வழி சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையோன். வலப்பக்க நெறி எயினர் வாழிடங்களையும் தினை, வரகு, மஞ்சள், வாழை, கமுகு முதலியன விளையும் நிலங்களையும் கடந்து சிறுமலையை அடைகிறது. இடப்பக்க நெறி திருமால்குன்றத்துக்குச் செல்கிறது; அங்குள்ள பிலத்தில் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உள்ளன. இடைப்பட்டது செவ்விய நெறி. ஊர்கள் இடையிட்ட காடுகள் பலவற்றைக் கடந்து செல்வது. அதிலும் வழிப்போக்கரை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று உண்டு. மூன்று நெறிகளும் சேருமிடம் மதுரையே. அவ்வழியைச் சுட்ட இளங்கோ ‘பெருவழி’ என்னும் சொல்லையே ஆள்கிறார்.

மறையோன் கூற்றில் தொலைவு இல்லை. நீர்நிலை, மரங்கள், பயிர்கள், மலை, தெய்வம் ஆகியவையே அடையாளங்கள். ஒவ்வொரு நெறிக்கும் உரிய இடரும் பயனும் கூறப்படுகின்றன. தேர்வு கேட்போரிடம் விடப்படுகிறது. கவுந்தியடிகள் பொய்கைகளின் பயனைத் தம் சமய நோக்கில் மறுத்துரைக்கிறார். ஆகவே இடப்பக்க நெறி விலக்கப்படுவதற்குக் காரணம் தொலைவோ கடுமையோ அன்று, கொள்கையே ஆகும்.

இடைநெறியில் நடக்கும்போது கோவலன் நீர் வேட்டுக் கிளைவழி ஒன்றில் சென்று ஒரு பொய்கையை அடைகிறான். அங்கேதான் தெய்வம் வசந்தமாலையின் வடிவில் தோன்றி அவனை மயக்க முயல்கிறது. மறையோன் முன்னரே எச்சரித்திருந்ததால் கோவலன் ஐயுற்றுக் கொற்றவை மந்திரத்தை ஓதித் தப்புகிறான். பெருவழியைவிட்டு விலகிய சிறு பிரிவே இடரின் களமாக அமைந்துள்ளது. வழி பிரியும் இடமும் மனம் கலங்கும் இடமும் இங்கு ஒன்றாகின்றன. கவலை என்னும் சொல்லின் இரு பொருளையும் இந்நிகழ்ச்சியே விளக்கிவிடுகிறது.

நிலவியல் பொருத்தம்

கொடும்பை என்பதனை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என அறிஞர் கொள்வர். இருக்குவேளிரின் தலைமையிடமாகவும், பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் அமைந்த ஊராகவும் அது அறியப்படுகிறது. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழு அங்குச் செயற்பட்டதைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. சோழ நாட்டிற்கும் பாண்டி நாட்டிற்கும் இடையே வழிகள் பிரியுமிடத்தில் வேளிர் அரண்மனையும் வணிகக் குழுவும் ஒருங்கே அமைந்தமை தற்செயலாகாது. பெரும்பாணாற்றுப்படை கூறும் காவலும் உல்கும் இத்தகைய இடங்களிலேயே அரசியலாக உருப்பெற்றிருக்கும்.

மதுரை நோக்கிச் செல்வோர் சிறுமலையை ‘வலங்கொண்டு’ செல்ல வேண்டும் என்கிறது காப்பியம். இதனை மலை வலப்பக்கத்தே இருக்கச் செல்லுதல் எனக் கொண்டாலும், வலம்வருதல் எனக் கொண்டாலும் மலை நடப்போரின் வலப்பக்கத்திலேயே அமையும். வடக்கிலிருந்து தெற்கே செல்வோர்க்கு அது சிறுமலையின் கிழக்குப் புறமாகும். அதாவது சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் இடைப்பட்ட நத்தம் பகுதியாகும். திருமால்குன்றத்தை அழகர்மலையாகக் கொள்ளும் வழக்கினை ஏற்பின், இடப்பக்க நெறி அதற்குக் கிழக்கே மேலூர்ப் பக்கமாகச் சென்றிருத்தல் கூடும். இரண்டிற்கும் நடுவே அழகர்மலைத் தொடர் குறுக்கிடுவதால் இடைநெறியின் தடத்தை மட்டும் நிலப்படத்தில் அறுதியிட்டுக் காட்டுதல் அரிதாகிறது. காப்பியம் நில அளவை நூல் அன்று. ஆயினும் இரு மலைகளையும் வழியின் இரு புறத்து அடையாளங்களாக நிறுத்திய முறை நிலத்தோடு இயைந்தே உள்ளது.

இன்றைய சாலைகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. திருச்சியிலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக மதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை முன்னர் 45பி என எண்ணிடப்பட்டிருந்தது. 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்தால் 38 ஆயிற்று. துவரங்குறிச்சியில் பிரிந்து நத்தம் வழியாக மதுரை சேரும் நெடுஞ்சாலை 785 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. மணப்பாறை, திண்டுக்கல் வழியாகச் சிறுமலையின் மேற்புறத்தே செல்லும் வழி மூன்றாவது. கவலை கொடும்பாளூரிலிருந்து சற்று இடம்பெயர்ந்திருப்பினும், மலைகள் வகுத்த பிரிவு மாறவில்லை.

தொலைவினைப் பொறித்த கற்கள்

மதுரை எவ்வளவு தொலைவு என்று கண்ணகி வினவியபோது கோவலன் கூறிய விடையை முப்பது காதம் எனக் கொள்வது பெருவழக்கு. புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரை இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 290 கி.மீ. ஆகும். அவ்வாறாயின் ஒரு காதம் 10 கி.மீ. அளவில் அமையும். கண்ணகியைத் தேற்றும் பொருட்டுக் கூறிய சொல் ஆதலின் இதனை அளவைக் கணக்காகக் கொள்ளுதல் பொருந்தாது எனினும், காதம் மக்கள் வழக்கில் நிலைபெற்ற அளவு என்பது தெளிவு.

அந்தக் காதத்தைக் கல்லில் பொறித்த சான்று தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லாகும். கி.பி. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல், பெருவழியின் பெயரையும் நாவற்றாவளத்துக்கு உள்ள தொலைவு 29 காதம் என்பதையும் அறிவிக்கிறது. எழுத்தோடு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாதவர் விரலால் தடவியும் தொலைவை அறியலாம், இரவிலும் அறியலாம். எழுத்து தேய்ந்தாலும் குழிகள் எளிதில் மறையா. அகநானூற்று வழிப்போக்கரைக் குழப்பிய நடுகல்லின் குறையை இக்கல் நீக்கிவிட்டது. தாவளம் என்பது தங்குமிடமும் வணிகர் கூடுமிடமும் ஆதலின், கல்லை நாடியவர் யாவர் என்பதும் ஊகிக்கத்தக்கது.

கோவைக்கு அருகில் சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இதற்கு மாறான இயல்புடையது. பாலக்காட்டுக் கணவாய் நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த அது, தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாக அறிஞர் பலர் கருதுவர். அதில் உள்ள வெண்பா சோழனைக் காவிரி நாடனாகவும் கோழியாகிய உறையூரின் வேந்தனாகவும் வாழ்த்துகிறது. வழி எங்குச் செல்கிறது, எவ்வளவு தொலைவு என்பன அதில் இல்லை. இரு எழுத்துகளை ஆண்டவர்களும் படிக்க வேண்டுமென அரசு விரும்பியது வழியின் உரிமையை மட்டுமே. ஒரு கல் அரசனுக்காகப் பேசுகிறது. மற்றொன்று நடப்பவனுக்காகப் பேசுகிறது.

வட இந்தியச் சான்றோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். ஆக்ராவுக்கும் காபூலுக்கும் இடைப்பட்ட வழியை அளந்து கோபுரங்கள் எழுப்ப ஆணையிட்டதைப் பாபர் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். பின்னர் முகலாயர் காலத்தில் பெருகிய கோஸ் மினார்கள் எழுத்தின்றி, ஒவ்வொரு கோஸ் தொலைவிலும் நிற்பதனாலேயே அளவை உணர்த்தின. அதியமான் பெருவழிக் கல் எழுத்தையும் எழுத்தல்லாக் குறியையும் ஒரே கல்லில் இணைத்தது.

முடிவுரை

வில்வீரர் காவல், வழியறிந்தவன் வாய்மொழி, குழியிட்ட கல் ஆகிய மூன்றும் கவலையைக் காத்த மூன்று முறைகள். முதலாவது அரசின் வருவாய்க்கும் சாத்துகளின் பாதுகாப்புக்கும் உரியது. இரண்டாவது நடந்தவன் நடப்பவனுக்குத் தரும் கொடை. மூன்றாவது, நடந்தவன் இல்லாதபோதும் அவன் அறிவை நிலைநிறுத்துவது. பெருவழி என்பது இவற்றால் பிணைக்கப்பட்ட சந்திப்புகளின் தொடர் என்பது இதனால் பெறப்படும்.

இதிலிருந்து ஆய்வுக் கடமை ஒன்றும் எழுகிறது. தொலைவு கூறும் கல் தான் நின்ற இடத்தோடு சேர்ந்தே பொருள் தரும். சாலை விரிவாக்கத்தின்போது இடம் குறிக்கப்படாமல் அகற்றப்படும் கல்லில் எழுத்து எஞ்சலாம். 29 காதம் எங்கிருந்து என்னும் வினாவுக்கு விடை எஞ்சாது. தமிழகச் சாலைகளில் கைகாட்டி, சுமைதாங்கி, கூட்டுரோடு என வழங்கும் இடப்பெயர்களும், கேரளத்தில் கவல என முடியும் இடப்பெயர்களும் இன்னும் மக்கள் நாவில் உள்ளன. அவற்றைக் கல்வெட்டுகளோடும் இலக்கிய வழிகளோடும் ஒருங்கே தொகுப்பின், தமிழகத்தையும் மலைநாட்டையும் இணைத்த பெருவழிகளை அவற்றின் கவலைகளிலிருந்தே மீட்டெழுத இயலும். மாங்காட்டு மறையோன் தான் நடந்த வழியைக் கேட்டவர்க்குச் சொல்லிச் சென்றான். அச்சொல்லை நிலத்தோடு பொருத்திப் பார்க்கும் பணி, அந்நிலத்தின் அடையாளங்கள் எஞ்சியிருக்கும்போதே செய்யத்தக்கது.