சூரிய மகுடத்தில் அதிர்ச்சி அலைகள்

கொரோனா எனப்படும் சூரிய மகுடம், பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட உஷ்ணமுடையதாயினும் மிக ஐதான வாயு மண்டலமாகும். சூரிய சுவாலை வெடிக்கும்போதோ, அதனோடு பெரும் வாயுப் பிண்டம் கிளம்பும்போதோ, அம்மண்டலத்தின் இயல்பான அலைவேகத்தை மிஞ்சிப் பாயும் அமுக்கமே அதிர்ச்சி அலை எனப்படும்.

கிரகண காலத்திலன்றி மகுடம் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1955 ஜூன் 20ஆம் நாள் இலங்கை மீது பூரண கிரகணம் கடந்தபோதும், பருவமேகம் மறைத்தமையால், தூரதேசங்களிலிருந்து கருவிகளோடு வந்த ஆராய்ச்சிக் குழுவினர் பலர் ஏமாந்து திரும்பினர். அத்தீவின் பெல்மதுளைத் தோட்டங்களில் ஆனி மாதத்து மூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. மேகத்தையும் ஊடுருவும் வானொலி அலைகளே இவ்வாராய்ச்சிக்கு வழி திறந்தன.

1947 மார்ச் 8ஆம் நாள், அவுஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்கொட், யாப்ஸ்லி, போல்டன் ஆகிய மூவரும் பதிவு செய்த சூரியக் கொந்தளிப்பு, முதலில் 200 மெகாஹேட்ஸிலும், சில நிமிடங்கள் கழித்து 100இலும், பின்னும் தாமதித்து 60இலும் வந்து சேர்ந்தது. மகுடத்தின் ஒவ்வோர் உயரத்திலும் அங்குள்ள இலத்திரன் அடர்த்திக்கேற்ற மீடிறனே பிறக்குமாதலாலும், மேலே செல்லச் செல்ல அவ்வடர்த்தி குறைவதாலும், மீடிறன் இறங்குவது அதன் மூலம் மேலேறுவதற்குப் பிரமாணமாயிற்று. செக்கனுக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகம் அநுமானிக்கப்பட்டது. கண்ணாற் காணாத ஒன்றின் ஓட்டத்தை வெறும் காலதாமதத்தைக் கொண்டே அளந்த இச்செயல், இத்துறையின் தலையாய சாதனை என்றே கொள்ளத்தகும். 1950இல் வைல்டும் மக்கிறெடியும் இத்தகைய கொந்தளிப்புகளை இரண்டாம் வகை வெடிப்புகள் என வகுத்தனர். 1960இல் மோர்ட்டன், சூரிய நிறமண்டலத்தில் விரைந்து பரவும் அலையைக் கண்டறிந்தார். மகுட அதிர்ச்சியின் அடிவிளிம்பு கீழ்மண்டலத்தை வருடிச் செல்வதே அது என 1968இல் உச்சிடா விளக்கினார்.

பெங்களூருக்கு வடக்கேயுள்ள கௌரிபிதனூரில் 1997 முதல் இயங்கும் வானொலிச் சூரியமானி, இந்நிகழ்ச்சிகளைப் படமாக்கி வருகிறது. மீடிறனையும் காலத்தையும் காட்டும் பதிவில், ஒன்றுக்கொன்று இருமடங்கு மீடிறனுடைய இரு பட்டைகள் சரிந்திறங்கும். சிற்சில வேளை ஒவ்வொரு பட்டையும் இரண்டு இழைகளாகப் பிரிந்திருக்கும். அப்பிரிவின் அகலத்தினின்றும் அதிர்ச்சியின் வன்மையையும் மகுடக் காந்தப்புலத்தின் அளவையும் கணிக்கின்றனர்.

அலையை எழுப்புவது சுவாலையின் வெடிப்பா, கிளம்பும் பிண்டத்தின் தள்ளுதலா என்னும் விவாதம் நெடுங்காலம் நடந்தது. 1971இல் விண்கலத்தினின்று அப்பிண்டங்கள் காணப்பட்டபின், பெரும்பாலான அதிர்ச்சிகளுக்குப் பிண்டமே காரணமென்னும் கொள்கை வலுத்தது. சில நிகழ்ச்சிகளில் சுவாலையின் பங்கு இன்றும் ஆராயப்படுகிறது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராயிருந்த ஆதித்தியா-எல்1 என்னும் சூரிய ஆய்வு விண்கலம், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டது. பிண்டம் கிளம்பும் தொடக்கத்தை மகுடத்தின் அடியிலேயே காண்பது அதன் மகுடமானியின் நோக்கங்களுள் ஒன்றாகும்.