பழைய அமெரிக்கப் பேனாக்கத்தி: வாங்குமுன் எதைப் பார்க்கவேண்டும்?

பார்க்க ஒரே மாதிரி இரண்டு மடக்குக்கத்திகள். இரண்டுமே அமெரிக்காவில் செய்தவை. இரண்டிலும் எலும்புப் பிடி, நீண்ட அலகுகள். ஒன்றை இருபது, முப்பது டாலருக்கு வாங்கிவிடலாம். இன்னொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பெரும்பாலும் அது அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில் அடிக்கப்பட்ட குட்டி முத்திரையில் இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் படிப்பது சிரமம். அதைப் படிக்கத் தெரியாமல் காசைக் கொட்டுபவர்கள்தான் போலி விற்பவர்களின் வாடிக்கையாளர்கள்.

எங்கிருந்து தொடங்கியது?

முதலில் பெயர். 'பேனாக்கத்தி' என்று சொல்கிறோமே, அது இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திக்கு வந்த பெயர். இறகு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் பையில் வைத்திருந்த கத்திகளில் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்தும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் வந்தவை. 1890இல் நிறைவேறிய மெக்கின்லி வரிச் சட்டம் வெளிநாட்டுக் கத்திகள்மீது கடும் வரி போட்டது. உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. நியூயார்க், பென்சில்வேனியா, கனெடிகட் மாநிலங்களில் கத்திப் பட்டறைகள் பெருகின.

அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிப்பிடவேண்டும் என்றது. அதனால், 'ஜெர்மனி' என்று அடித்த கத்தியை யாராவது 1870ஆம் ஆண்டுக் கத்தி என்று விற்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

புள்ளிகளை எண்ணினால் வயது தெரியும்

வயதைக் கண்டுபிடிக்க ஆக எளிதானவை பென்சில்வேனியாவின் பிராட்ஃபர்ட் நகரில் செய்யப்படும் கேஸ் நிறுவனக் கத்திகள். 1940 முதல் 1964 வரை வந்தவற்றில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று இருக்கும். 1965இலிருந்து அதோடு யூ.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் சேர்ந்தன. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. ஆறு புள்ளி இருந்தால் 1974. ஒரே ஒரு புள்ளி என்றால் 1979. 1980இல் எஸ் எழுத்தை மின்னல் கீற்று மாதிரி மாற்றி, மறுபடியும் பத்துப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அந்த 'எக்ஸ்எக்ஸ்' எதற்கு? எஃகை உலையில் இரண்டு தடவை பதப்படுத்தியதற்கான அடையாளம் அது.

கேஸ் கத்தியில் இன்னொரு பக்கம் ஓர் எண் இருக்கும். 6254 என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் 6, எலும்புப் பிடியைக் குறிக்கும். 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை. 54 என்பது வடிவம், அதாவது 'டிராப்பர்' வகை. முதல் எண் 5 என்றால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் பிடி. இப்போது யோசித்துப் பாருங்கள்: முத்திரையில் 5 என்று இருக்கிறது, பிடியோ மஞ்சள் நிறம். அப்படின்னா யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு கத்தியின் அலகைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

ரெமிங்டன் நிறுவனத்தில் இது தலைகீழ். அங்கே கடைசி எண்தான் பிடியைச் சொல்லும். 3 என்றால் எலும்பு, 4 என்றால் முத்துச்சிப்பி, 5 என்றால் செல்லுலாய்டு, 6 என்றால் மான் கொம்பு, 8 என்றால் கோகோபோலோ மரம்.

துப்பாக்கி செய்யும் ரெமிங்டன் எப்படிக் கத்திக்கு வந்தது? முதல் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கிக்குத் தேவை குறைந்தது. கனெடிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த தொழிற்சாலைக்கு வேலை வேண்டும். 1920 வாக்கில் மடக்குக்கத்தி செய்யத் தொடங்கினார்கள். பிடியில் தோட்டா வடிவத்தில் சின்ன உலோகத் தகடு பதித்த அவர்களின் பெரிய கத்திகளைச் சேகரிப்பாளர்கள் 'புல்லட்' என்பார்கள். முதலில் வந்தது ஆர்1123. ஆயிரக்கணக்கான டாலர் கதை வருவது பெரும்பாலும் இங்கேதான். 1940 வாக்கில் ரெமிங்டன் இந்தத் தொழிலைவிட்டு விலகியது. ஆனால், 1982இல் அதே ஆர்1123 மறுபதிப்பாக வந்தது. இன்று அதற்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. பழசு மாதிரியே இருக்கும், விலை மட்டும் பழசின் விலை இல்லை.

எதற்காக இப்படியெல்லாம் செய்தார்கள்?

சேகரிப்பின் சுவாரசியம் உண்மையில் இங்கேதான். ஒவ்வொரு விநோத வடிவத்துக்குப் பின்னாலும் ஒருவரின் பிழைப்பு இருக்கிறது.

மருத்துவர் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக நீண்டிருக்கும். ஆனால், பிடியின் ஒரு நுனி மட்டும் வெட்டியது மாதிரி தட்டையாக இருக்கும். மாத்திரையை நசுக்கிப் பொடியாக்க அந்தத் தட்டை நுனி. சிலவற்றில் கத்தி அலகுக்குப் பக்கத்தில் மழுங்கிய கரண்டி மாதிரி இன்னோர் அலகும் இருக்கும், மருந்தைக் கலப்பதற்கு. வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்த காலத்து மருந்துக்கடை அது!

'ஸ்டாக்மேன்' கால்நடை வளர்ப்பவர்களின் கத்தி. மூன்று அலகு. அதில் முனை மழுங்கிய ஓர் அலகு, காளைக்கன்றுகளுக்குக் காயடிக்க வைத்தது. கூர்முனை இருந்தால் மிருகம் துள்ளும்போது வேண்டாத இடத்தில் குத்திவிடும்.

மீன்பிடிக் கத்தி ஒன்று கேஸ் நிறுவனத்தில் உண்டு. தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொள்ள, மஞ்சள் பிடியிலேயே சின்னச் சாணைக்கல்லைப் பதித்திருப்பார்கள்.

ஒஹாயோ மாநிலத்தின் கேண்டன் நகரில் வேறு மாதிரி யோசித்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிவான செல்லுலாய்டுப் பிடி, அதற்கு அடியில் புகைப்படம். மனைவி, பிள்ளைகள், அதிபர் வேட்பாளர், சங்கச் சின்னம், சொந்தப் பெயர் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். கத்தி தொலைந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். இன்று அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், புல்லட்டைவிட இவைதான் வாங்கிவைக்க வேண்டியவை.

'பார்லோ' கத்திக்கு மதிப்பு வேறு வகை. அது சாதாரணமானவர்களின் கத்தி. அலகு மடங்கும் இடத்தில் நீளமான இரும்புப் பூண் இருக்கும், அழுத்தி வேலை செய்தாலும் பிடி உடையாமலிருக்க. மார்க் டுவைனின் கதையில் டாம் சாயருக்குப் பரிசாகக் கிடைப்பதும் ஒரு பார்லோதான்.

தச்சு வேலைக்கான 'விட்லர்' கத்தியைத் திறந்து முதுகுப் பக்கம் பாருங்கள். மூன்று அலகு, ஆனால் இரண்டே ஸ்பிரிங். எப்படி? ஒரு முனையில் தடித்த பெரிய அலகு இரண்டு ஸ்பிரிங்மீதும் சேர்ந்து உட்காரும். மறுமுனையில் இரண்டு சின்ன அலகுகளுக்கும் ஆளுக்கொரு ஸ்பிரிங். மரம் சீவும்போது பெரிய அலகு ஆடாமல் நிற்பதற்கு இரட்டைப் பலம். 'நிக்கல் சில்வர்' பூணில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. வெள்ளி கிடையாது.

பொத்தானை அழுத்தினால் அலகு பாய்ந்து வரும் கத்தியை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் ஜார்ஜ் ஷ்ரேட். 1892இல் காப்புரிமை பெற்றார். ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்கு அது வசதி. 1950களில் அது குண்டர் கும்பல்களின் ஆயுதமாகப் பார்க்கப்பட்டது. 1958இல் மாநிலங்களுக்கிடையே அதை விற்க மத்திய சட்டம் தடை போட்டது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்மையான முத்திரை, எஃகைக் கடினமாக்கும் முன்னரே அச்சுக் கொண்டு அடிக்கப்பட்டது. எழுத்துகள் ஆழமாக, ஒரே சீராக இருக்கும். ஏமாற்றுபவர்கள் சாதாரணக் கத்தியின் முத்திரையைத் தேய்த்துவிட்டு, விலையுயர்ந்த பெயரைப் பொறிப்பார்கள். தேய்த்தால் அந்த இடம் மெலிந்துபோகும். அலகுக்கும் பூணுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சத்தம். அலகு தடங்கலில்லாமல் நகர்ந்து, கடைசியில் 'டக்' என்று உட்காரவேண்டும். சேகரிப்பாளர்கள் இதை 'நடையும் பேச்சும்' என்பார்கள். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் முதுகிலுள்ள ஸ்பிரிங் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக நிற்கவேண்டும்.

பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஷ்ரேட் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. பெயர் கைமாறியது. அதற்குப் பிறகு அதே பெயரில் சீனாவில் கத்திகள் செய்யப்பட்டன. கமில்லஸ் தொழிற்சாலை 2007இல் மூடியது. கத்தியின்மீது இருக்கும் பெயர் நூறு வயதாக இருக்கலாம், கத்தி பத்து வயதாக இருக்கலாம்.

கிடைத்துவிட்டது. உடனே தேய்த்துக் கழுவலாமா?

வேண்டாம். தாத்தா காலத்துக் கத்தியைப் பளபளப்பாக்கிக் கெடுத்தவர்கள் ஏராளம். பழைய கார்பன் எஃகில் படிந்திருக்கும் சாம்பல் நிறம் அழுக்கு அல்ல, வயது. பஃப் இயந்திரத்தில் கொடுத்தால் முத்திரையும் சேர்ந்து தேயும். ஒருதடவைகூடத் தீட்டாத, பயன்படுத்தாத கத்திக்குத்தான் ஆக அதிக விலை. சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுங்கள்.

எண்ணெய் என்றதும் சமையலறைக்குப் போகாதீர்கள். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். மினரல் ஆயில் ஒரு துளி போதும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. தோல் உறைக்குள் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பித்தளையில் பச்சை பூக்கும்.

முக்கியமாக, செல்லுலாய்டுப் பிடி போட்டவற்றைத் தனியாக வையுங்கள். அந்தப் பொருள் சிதையத் தொடங்கினால் அமில ஆவி வெளிவரும். ஒரே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளெல்லாம் துருப்பிடித்துவிடும். காற்றோட்டமான இடம் வேண்டும். தீப்பிடித்தால் வேகமாக எரியும் என்பதால் அடுப்புக்குப் பக்கமும் கூடாது.

சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?

சேகரிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தியை 'பழைய பொருள்தானே' என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். வாங்குமுன் காவல்துறையின் உரிம விதிகளைச் சரிபாருங்கள். சாதாரண மடக்குக்கத்தியாக இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டுசென்றால் சிக்கல். வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

பிடி யானைத் தந்தம் என்றால் விட்டுவிடுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள் யானைத் தந்த விற்பனைக்குத் தடை உண்டு. மாட்டெலும்பில் அப்படி எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டையும் பிரித்துப்பார்க்க ஒரு வழி: எலும்பில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், அவை இரத்தக் குழாய் ஓடிய துளைகள். தந்தத்தில் அவை இருக்காது.

பயணத்தில் வாங்கினால் கத்தியை விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் 1920ஆம் ஆண்டு ரெமிங்டனாக இருந்தாலும் சோதனை மேசையிலேயே எடுத்துக்கொள்வார்கள்.