தீராத முதுகுவலி: தசைகளையும் கவனிப்போம்

முதுகுவலி மாதக்கணக்கில் நீடித்தால் நம்மில் பலர் உடனே ஸ்கேன் எடுக்கத்தான் ஓடுகிறோம். அறிக்கையில் 'டிஸ்க் சற்றுப் பிதுங்கியுள்ளது' என்ற ஒரு வரி இருந்தால் போதும், வீடே கலங்கிவிடுகிறது. ஆனால் வலிக்குக் காரணம் அந்தப் பிதுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது!

தசை இறுக்கமோ சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை. அதனாலேயே அது கவனிக்கப்படாமல் போகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் இருபுறமும் ஒரு தசை உண்டு. அது இறுகினால் வலி பிட்டம் வரை பரவும். எலும்பிலேயே கோளாறு என்று தோன்றும். இன்னொரு தசை கீழ்முதுகு எலும்புகளிலிருந்து தொடை வரை செல்கிறது. கடையிலோ அலுவலகத்திலோ நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அது சுருங்கிய நிலையிலேயே இருக்கும். எழுந்து நிமிரும்போது முதுகு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் ஆண்கள் அதை முதலில் வெளியே எடுக்கட்டும்.

அமெரிக்க அதிபர் கென்னடியின் கதை பலருக்குத் தெரியாது. 1954இல் அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, தொற்று ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தானது. பின்னர் டாக்டர் ஜேனட் டிராவெல் அவருடைய தசைகளில் வலி கிளம்பும் இடங்களைத் தேடி ஊசி போட்டார். 1961இல் டாக்டர் ஹான்ஸ் கிராஸ், ஊசியை விடத் தசைகளைப் பலப்படுத்துவதே முக்கியம் என்று உடற்பயிற்சி கொடுத்தார். அதன்பின் வலி நன்றாகக் குறைந்தது. டிராவெல் சொன்ன 'தசை முடிச்சுகள்' பற்றி மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உடற்பயிற்சியின் பலனைப் பற்றி அப்படியில்லை.

வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது தசையை மேலும் பலவீனமாக்கும். வெந்நீர் ஒத்தடம், தினமும் நடை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது இவற்றிலிருந்து தொடங்கலாம். முதுகு, வயிறு, பிட்டத் தசைகளுக்கான பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. வலி குறைந்த பின்னும் அவற்றை விட்டுவிடக் கூடாது. முதுகின் ஆழத்தில் உள்ள தசைகள் வலி போனதும் தாமாகவே பழைய பலத்தைப் பெற்றுவிடுவதில்லை. மருந்துக் கடையில் நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லா முதுகுவலியும் தசைவலி என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தபின் வந்த வலி என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கால் பலமிழந்தாலோ, மலம் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.