வட அமெரிக்க மான் வேட்டைக் கத்தியின் வரலாறு

மான் வேட்டைக் கத்தி என்பது, வேட்டையாடப்பட்ட மானின் வயிற்றைக் காட்டிலேயே திறந்து குடலையும் பிற உள்ளுறுப்புகளையும் அகற்றப் பயன்படும் கைக்கத்தி ஆகும். வட அமெரிக்காவில் இதன் வடிவம் கடந்த இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. நீண்ட, கனத்த கத்திகளே வேட்டைக் கத்திகள் என்று கடைகளில் விற்கப்பட்ட காலத்திலும், காட்டில் பல மான்களை அறுத்துப் பழகியவர்கள் மெல்லிய, குட்டையான கத்தியையே பரிந்துரைத்தனர். இவ்விரு போக்குகளுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே இக்கத்தியின் வரலாறு எனலாம்.

கத்தி செய்ய வேண்டிய பணி

மான் இறந்த பிறகும் அதன் உடற்சூடு உடனே குறைவதில்லை. குளிர்கால மானின் மயிர் உள்ளே துளையுடையது; அது சூட்டை வெளியே விடாது. இரைப்பையிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிரிகள் அந்தச் சூட்டில் விரைவாகப் பெருகும். எனவே உள்ளுறுப்புகளை விரைவாக அகற்றி, உடற்குழியில் காற்றுப் படச் செய்தால்தான் இறைச்சி கெடாமல் இருக்கும்.

இப்பணியில் கத்தி வெட்டுவது மிகச் சிலவற்றையே. வயிற்றுத் தோலும் அதன் அடியிலுள்ள மெல்லிய தசையும் முதலில் திறக்கப்படுகின்றன. மலக்குடலின் வாய் சுற்றிலும் அறுத்து விடுவிக்கப்படுகிறது. பிறகு உதரவிதானமும் மூச்சுக்குழலும் அறுக்கப்படுகின்றன. எஞ்சிய வேலையைக் கையே இழுத்துச் செய்துவிடும்.

வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் முனை இரைப்பையிலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ பட்டுவிட்டால், உள்ளே இருப்பது இறைச்சியின்மீது கொட்டிவிடும். மூச்சுக்குழலை அறுக்கும்போது கை முழங்கை வரை மார்புக்கூட்டுக்குள் இருக்கும். கத்தி கண்ணுக்குத் தெரியாது. இரத்தமும் கொழுப்பும் பட்டுப் பிடி வழுக்கும். அலகு நீளமாக இருந்தால் முனை எங்கே இருக்கிறது என்பதை விரலால் உணர முடியாது. மறு கையே வெட்டுப்படக்கூடும். குட்டையான அலகும் வழுக்காத பிடியும் விரும்பப்பட்டதற்கு இவையே காரணங்கள்.

கல் கத்தியும் இறைச்சிக்கடைக் கத்தியும்

ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்கப் பழங்குடியினர் தீக்கல், எரிமலைக் கண்ணாடி போன்றவற்றைச் செதுக்கிக் கத்திகள் செய்தனர். இக்கற்களின் விளிம்பு மிகக் கூர்மையானது. ஆனால் எளிதில் உடையும். வணிகர்கள் கொண்டுவந்த இரும்புக் கத்தி உடையாதது, மீண்டும் மீண்டும் தீட்டக்கூடியது என்பதால் தோல் வணிகத்தில் முக்கியப் பண்டமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் தெற்கு கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான மான் தோல்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்கு ஈடாகப் பழங்குடியினர் பெற்ற பொருள்களில் துப்பாக்கி, துணி ஆகியவற்றுடன் கத்தியும் இருந்தது.

இக்கத்திகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்டவை. 1834இல் ஜான் ரஸ்ஸல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரீன்ஃபீல்டு ஊரில் தொடங்கிய தொழிற்சாலை, அமெரிக்கச் சந்தையில் அவற்றுக்குப் போட்டியாக வளர்ந்தது. 'கிரீன் ரிவர்' என்ற பெயரில் விற்கப்பட்ட அதன் கத்திகள் சமையலறையிலும் இறைச்சிக்கடையிலும் புழங்கும் சாதாரண வகையைச் சேர்ந்தவை. மெல்லிய அலகும் எளிய மரப்பிடியும் கொண்ட அக்கத்திகளே எல்லைப்புற வேட்டைக்காரர்களுக்கும் போதுமானவையாக இருந்தன.

போவி கத்தியின் செல்வாக்கு

1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டு ஒன்றில் நடந்த சண்டையில், ஜேம்ஸ் போவி குண்டடிபட்ட நிலையிலும் தம் கத்தியால் எதிரி ஒருவரைக் கொன்றார். இச்செய்தி நாளிதழ்கள் வழியே நாடெங்கும் பரவியது. 1836இல் அவர் அலமோ கோட்டைப் போரில் இறந்ததும் அவருடைய கத்தி புகழின் உச்சிக்குச் சென்றது.

அந்தக் கத்தியைத் தாமே வேட்டைக்காகச் செய்வித்ததாக அவருடைய அண்ணன் ரெசின் போவி பின்னர் எழுதினார். அவர் தரும் விவரப்படி அது ஒன்பதேகால் அங்குல நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் கொண்ட, வளைவில்லாத, ஒருபக்கக் கூர் உடைய எளிய கத்தி. ஆனால் 'போவி கத்தி' என்று ஷெஃபீல்டு தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்குச் செய்து அனுப்பியவை கனத்த அலகும் குத்துவதற்கேற்ற முனையும் அலங்கார உறையும் உடையவை. மலிவு விலைச் சாகசக் கதைகள் அந்த வடிவத்தை வேட்டைக்காரனின் அடையாளமாக்கின. சண்டைக்கு உரிய வடிவம் இவ்வாறு வேட்டைக் கத்தி என்ற பெயரில் நிலைபெற்றது.

நெஸ்மக்கும் கெப்பார்ட்டும்

இதை வெளிப்படையாக மறுத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821–1890). பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஊரில் செருப்புத் தைத்து வாழ்ந்த இவர், 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் காட்டு வாழ்க்கை பற்றி எழுதினார். சிறு வயதில் தமக்குக் காட்டைப் பழக்கிய பழங்குடி மனிதரின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். ஐந்து கிலோவுக்கும் குறைவான எடையுள்ள படகில் அடிரோண்டாக் மலைப்பகுதி ஏரிகளில் பயணம் செய்த இவர், சுமையைக் குறைப்பதையே முதல் விதியாகக் கொண்டவர். 1884இல் வெளிவந்த தம் நூலில், கடையில் கிடைக்கும் வேட்டைக் கத்திகள் பார்வைக்குத்தான் பயங்கரமானவை, வேலைக்கு உதவாதவை என்று கேலி செய்தார். தோலுரிக்கவும் இறைச்சி நறுக்கவும் மெல்லிய அலகுடைய உறைக்கத்தி ஒன்று, சில்லறை வேலைகளுக்கு மடக்குக் கத்தி ஒன்று, விறகுக்குச் சிறு கோடரி ஒன்று என்பதே அவர் கூறிய தொகுப்பு. எலும்பையும் மரத்தையும் வெட்டும் பொறுப்பு கோடரிக்குப் போனதால் கத்தி மெலிய முடிந்தது.

செயின்ட் லூயிஸ் நகரில் நூலகராக இருந்து, 1904இல் ஸ்மோக்கி மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்த ஹோரஸ் கெப்பார்ட்டும் (1862–1931) இதே முடிவுக்கு வந்தார். 1906இல் வெளியான தம் முகாம் கையேட்டில், செருப்புத் தைப்பவரின் கத்தி முதல் பெரிய வெட்டரிவாள் வரை பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்ததை அவர் குறிப்பிடுகிறார். போவி வகைக் கத்தி தோலுரிக்கத் தடிமனானது, சமைத்துச் சாப்பிட முனை அதிகமானது என்பது அவர் கருத்து. அவர் விரும்பியது சுமார் நான்கரை அங்குல அலகுடைய எளிய கத்தியே.

விடுமுறை வேட்டையும் தொழிற்சாலைக் கத்தியும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான் வேட்டையின் தன்மையே மாறியது. விற்பனைக்காகக் கட்டுப்பாடின்றி வேட்டையாடியதால் வெள்ளைவால் மான்கள் பல மாநிலங்களில் அழியும் நிலையை எட்டியிருந்தன. 1900இல் இயற்றப்பட்ட லேசி சட்டமும், மாநிலங்கள் கொண்டுவந்த உரிமச் சீட்டு, பருவக் கட்டுப்பாடு ஆகியவையும் அவ்வணிகத்தை ஒடுக்கின. வேட்டை ஆண்டுக்குச் சில நாட்கள் நடக்கும் பொழுதுபோக்காயிற்று. ஆண்டுக்கு ஒரு மானை அறுப்பவருக்கு அனுபவத்தால் கத்தியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் குறைவு. விளம்பரமே அவருக்கு வழிகாட்டியது.

மிச்சிகன் மாநிலத்தின் கிளாட்ஸ்டன் ஊரைச் சேர்ந்த வெப்ஸ்டர் மார்பிள் இக்காலத்தில் வேட்டைக்கென்றே தனிக் கத்திகளைத் தொழிற்சாலையில் செய்து விற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைவீரர்கள் பலர் தங்கள் ஏழு அங்குலப் போர்க் கத்திகளையே வேட்டைக்கும் கொண்டு சென்றனர். பெரிய கத்தி மீண்டும் இடுப்பில் ஏறியது.

இந்நிலையை இரண்டு கத்திகள் மாற்றின. முதலாவது, பாப் லவ்லெஸ் (1929–2010) பரவலாக்கிய முனை தாழ்ந்த அலகு. வணிகக் கப்பலில் பணியாற்றிய இவர், தாம் விரும்பிய கத்தி நியூயார்க் கடையில் உடனே கிடைக்காததால் 1950களில் தாமே கத்தி செய்யத் தொடங்கினார். அவருடைய வடிவத்தில் அலகின் முதுகு மெல்லச் சரிந்து முனையைக் கீழே இறக்கும். கூர்வாயை மேல்நோக்கிப் பிடித்து வயிற்றுத் தோலைத் திறக்கும்போது முனை குடலில் குத்தும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

இரண்டாவது, சான் டியேகோவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110 எண் மடக்குக் கத்தி. முன்பிருந்த மடக்குக் கத்திகள் பலவற்றில், அழுத்தினால் அலகு விரல்மீது மடங்கும் ஆபத்து இருந்தது. இதில் அலகு விரிந்ததும் பூட்டிக்கொள்ளும். நான்கு அங்குலத்துக்கும் குறைவான அலகு மானுக்குப் போதும் என்பதைப் பெருவாரியான மக்கள் ஏற்றுக்கொள்ள இக்கத்தியே காரணமாயிற்று. மடிப்பின் இடுக்கில் கொழுப்பும் இரத்தமும் தேங்குவது இவ்வகையின் குறை.

பிற்கால மாற்றங்கள்

அலகின் முதுகில் கொக்கி போன்ற வெட்டு வாய் உடைய கத்திகள் பின்னர்ப் பரவின. கொக்கி வயிற்றுத் தோலைக் குடலில் படாமல் கிழிக்கும். ஆனால் அதில் மயிர் அடைத்துக்கொள்ளும், தீட்டுவதும் கடினம். 21ஆம் நூற்றாண்டில் அறுவைக் கத்தி போன்ற, மாற்றக்கூடிய அலகுகள் வந்தன. இவற்றுக்குச் சாணை தேவையில்லை. எனினும் மூட்டில் வைத்துத் திருகினால் உடையும். உடைந்த துண்டு உடற்குழிக்குள் தங்கினால் கையைக் கிழிக்கும்.

1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மான் நலிவு நோய், கத்தியைத் தூய்மை செய்யும் முறையையும் மாற்றியுள்ளது. பிரியான் என்னும் பிறழ்ந்த புரதத்தால் வரும் இந்நோய், மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுதியாகக் காணப்படும். பிரியான் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். கொதிநீரிலோ சாராயத்திலோ அழியாது. வீட்டு வெளுப்பான் 40 சதவீதம் கலந்த கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால், எஃகின் மேற்பரப்பில் உள்ள பிரியான் செயலிழக்கும் என்று 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சதைத் துணுக்குகளுக்குள் இருப்பதை அக்கரைசல் அழிக்காது என்பதால் கத்தியை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். மனிதருக்கு இந்நோய் பரவியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. எனினும் தண்டுவடத்தை வெட்டுவதைத் தவிர்க்கவும், கையுறை அணியவும் அறிவுறுத்தப்படுகிறது. இடுக்கு இல்லாத, ஒரே துண்டான கத்தி கழுவுவதற்கு எளிது என்பதால் பழைய உறைக்கத்திக்கு மீண்டும் ஒரு காரணம் கிடைத்துள்ளது.

மதிப்பீடு

மூன்று முதல் நான்கரை அங்குல அலகு, தாழ்ந்த முனை, வழுக்காத பிடி, எளிதில் கழுவத்தக்க அமைப்பு ஆகியவையே இன்று நடைமுறைக்கு உகந்த கத்தியின் இலக்கணமாகக் கருதப்படுகின்றன. முனையைத் தவிர ஏனைய பண்புகள் கிரீன் ரிவர் காலத்து எளிய கத்தியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நெஸ்மக்கும் கெப்பார்ட்டும் தம் அனுபவத்தால் எழுதியதைச் சந்தை ஏற்க ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.