குருதி சொல்லும் கணக்கு

உடலெங்கும் ஓடும் குருதியிலே என்ன இருக்கிறது? மருத்துவ உலகம் இக்கேள்வியை நெடுங்காலம் குருதியிடம் கேட்கவில்லை, ஏட்டிடம் கேட்டது. குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கின் சமநிலை கெடுவதே நோய் என்று பண்டைக் கிரேக்கர் கருதினர். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்ற கேலன் அதனை வலியுறுத்தினார். அவர் சொல் வேதவாக்காயிற்று. நோயென்று வந்தவனின் நரம்பைக் கீறிக் குருதியை வடிப்பது ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் மருத்துவமாக நிலைத்தது.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராயிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14இல் தொண்டை நோயால் மூச்சுத் திணறிக் கிடந்தார். ஒரே நாளில் பலமுறை அவர் குருதியை வடித்தனர், அன்றிரவே மாண்டார். செல்வமும் செல்வாக்கும் இருந்தென்ன? அறியாமை ஆளைப் பார்த்தா தாக்குகிறது!

இந்த மடமையை வென்றது எது? எண்ணிப் பார்க்கும் துணிவு! பாரிசு மருத்துவர் பியேர் லூயி, குருதி வடிக்கப்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தார். அதனால் விளைந்த பயன் மிகச் சொற்பமே என்று 1835இல் நூலாகவே வெளியிட்டார்.

குருதிக்குள் நுழைந்து பார்த்தவர்களும் உண்டு. டெல்ப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக், பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர். தம் கையால் கடைந்த கண்ணாடி வில்லை வழியே கண்ட சிவப்பணுக்களை 1674இல் விவரித்து எழுதினார். ஜெர்மானியர் கார்ல் பியரார்ட், அளந்தெடுத்த சிறுதுளியைக் கண்ணாடியிற் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணி, 1852இல் கணக்கை வெளியிட்டார்: ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள்! 1879இல் பால் எர்லிக் சாயமூட்டி வெள்ளணுக்களை வகை பிரித்தார். 1953இல் அமெரிக்கர் வாலஸ் கூல்ட்டர், எண்ணும் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நுண்துளை வழியே அணு ஒன்று நுழையும்போது மின்தடை சற்றே உயரும்; அத்துடிப்பை எந்திரம் எண்ணும். கண் வலிக்க எண்ணிய கணக்கு நொடிகளில் முடிகிறது.

இத்தனை பேரின் உழைப்புத்தான், இன்று ஆய்வுக்கூடத்தில் நம் கையில் தரப்படும் ஒரு தாள். அதிலே வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். கிருமி புகுந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை ஏறும். குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. ஹீமோகுளோபின் என்பது இரும்பைத் தாங்கிய புரதம்; நுரையீரலில் உயிர்க்காற்றை ஏற்றி, உடலெங்கும் கொண்டு சேர்க்கும் சுமையாள். டெசிலிட்டருக்கு ஆணுக்கு 13 கிராம், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராம். அதற்குக் கீழே போனால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிவப்பணுவின் பருமனும் தாளில் உண்டு. அணு சிறுத்திருந்தால் இரும்புக் குறையோ என்றும், பெருத்திருந்தால் பி12, போலிக் அமிலக் குறையோ என்றும் மருத்துவர் ஐயுறுவார், மேலும் ஆராய்வார்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. ஆண்களில் 25 விழுக்காடு. மாதந்தோறும் குருதி இழப்பவள், பிள்ளை பெற்றுத் தளர்பவள், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறாள். மயங்கி விழுந்தால் கண்ணேறு என்கிறோம். பேய் பிடித்தது என்கிறோம். சோம்பேறி என்று ஏசவும் செய்கிறோம். வேப்பிலை அடிக்கும் பூசாரிக்கு ஹீமோகுளோபினின் அளவு தெரியுமா?

தோழர்களே! குருதி வடித்த அன்றைய மருத்துவனைக் கண்டு நகைக்க நமக்கு உரிமை வேண்டுமானால், சோதிக்காமல் தீர்ப்புக் கூறும் வழக்கத்தை நாம் முதலில் விட்டொழிக்க வேண்டும். தாயையும் தமக்கையையும் தங்கையையும் மந்திரிக்க அழைத்துச் செல்லும் கால்கள் மருத்துவமனைக்குத் திரும்பட்டும். தாளிலே எண் குறைந்திருந்தால் காரணத்தைக் கேட்போம், மருந்தைத் தருவோம், அடுப்படியில் கடைசியாக உண்பவளை நம்மோடு பந்தியில் அமர்த்துவோம்.