விழுந்த மரத்தில் ஒரு கிண்ணம்... கடைசலுக்கு முன் கட்டையை எப்படி அறுக்கணும்?

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலையில் தெருவுக்குத் தெரு மரங்கள் விழுந்து கிடந்தன. ரம்பத்தோடு ஆட்கள் வந்தாங்க, ரெண்டடி மூணடியா துண்டு போட்டாங்க, லாரியில் ஏத்தினாங்க, போயிட்டாங்க. 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டா மாவட்டங்களிலும் இதே காட்சிதான். தாத்தா வெச்ச பூவரசு, அம்மா தண்ணி ஊத்தின வேம்பு எல்லாம் ஒரே வாரத்தில் விறகாகிப் போயின.

அந்த மரத்தின் நினைவாக ஒரே ஒரு கிண்ணமாவது மிச்சம் வெச்சுக்க முடியுமா? தாராளமா முடியும். ஒரு காலத்தில் நம்ம வீடுகளில் புளிப்புப் பதார்த்தம் வைக்க மரவை என்ற மரப் பாத்திரம் இருந்ததே, அதுவும் கடைசலில் பிறந்ததுதான். ஆனால், ஆசையோடு ஒரு கட்டையை எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டு வைப்பவர்களில் பலர், மூணு மாசம் கழிச்சுப் பார்க்கும்போது அது நடுவில் பிளந்து கிடக்கும். கிண்ணத்தின் தலையெழுத்து கடைசல் பட்டறையில் எழுதப்படுவதில்லை. மரம் விழுந்த முதல் சில நாள்களில், ரம்பம் பிடிக்கும் இடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது.

கட்டை ஏன் வெடிக்குது?

பச்சை மரத்துக்குள் நிறைய தண்ணீர் இருக்கும். முதலில் செல்களின் உள்வெளியில் இருக்கும் தண்ணீர் வெளியேறும். அதுவரை மரம் சுருங்காது. ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்குக் கீழே வரும்போதுதான் செல்களின் சுவரிலிருந்தே தண்ணீர் போக ஆரம்பிக்கும். சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும்.

சிக்கல் என்னன்னா, மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லவே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல சுமார் இரண்டு மடங்கு, வளையத்தைச் சுற்றிய திசையில் சுருங்கும். முழு உருண்டைக் கட்டையில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட இடமே கிடையாது. அதனால்தான் நடுப்புள்ளியிலிருந்து பட்டை வரை ஒரு வெடிப்பு விடுகிறது. கட்டையின் இரண்டு முனைகளிலும் நார்கள் திறந்திருப்பதால் ஈரம் அந்த வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

எந்த மரம் சரிப்படும்?

பூவரசு: ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை ‘மிலோ’ என்கிறார்கள். உணவுக்கு வேறு ருசி ஏற்றாது என்பதால் அங்கே காலங்காலமாக இதில் சாப்பாட்டுக் கிண்ணங்கள் செய்தார்கள். நம்ம ஊர்ப் புன்னையும் ‘கமானி’ என்ற பெயரில் அங்கே கிண்ணமானது.

மா: கடைய சுலபம். ஆனால், பூஞ்சைக் கறையும் வண்டும் சீக்கிரம் வந்துடும். தள்ளிப்போடாமல் அறுத்துடணும்.

வேம்பு: பூச்சி அவ்வளவாக அண்டாது. நார்கள் ஒன்றுக்கொன்று பின்னி ஓடுவதால் உளி கூர்மையாக இல்லைன்னா பிய்த்துக்கொண்டு வரும்.

பலா: வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம். மஞ்சள் நிறம் கிண்ணத்தில் அழகாகத் தெரியும்.

புளி: கறிக்கடை வெட்டுக்கட்டையாகும் அளவுக்கு உறுதி. பட்டறைக்காரரின் கைக்கு நல்ல வேலை வைக்கும்.

அரளியில் விஷம் உண்டு. அதை உணவுப் பாத்திரத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

படி 1: சரியான நீளம்

ரம்பம் போட வந்தவரிடம், “அண்ணே, அடிமரத்துல ஒரே ஒரு துண்டு மட்டும் நான் சொல்ற அளவுக்கு அறுத்துக் குடுங்க” என்று கேளுங்கள். கணக்கு ரொம்ப எளிது. மரத்தின் விட்டம் எவ்வளவோ அதே நீளம், அதோடு முனை வெடிப்புக்காக இரண்டு பக்கமும் ரெண்டு இன்ச். 12 இன்ச் விட்டமுள்ள மரம்னா 16 இன்ச் துண்டு. உடனே அடுத்த வேலையை ஆரம்பிக்க முடியாதுன்னா இன்னும் நீளமாகவே வாங்கி வையுங்க. வெடித்த முனையைப் பிறகு கழித்துவிடலாம்.

கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தின் கோலம் அழகாக இருக்கும். ஆனால், இழுவிசையும் அங்கேதான் அதிகம். முதல் முறைன்னா நேரான அடிமரத் துண்டே போதும்.

படி 2: நடுப்புள்ளியை எடுத்துடுங்க

எல்லாவற்றிலும் முக்கியமான அறுப்பு இதுதான். கட்டையின் முனையில் வளையங்களின் நடுவே தெரியும் புள்ளி வழியாக ஒரு நேர்க்கோடு போடுங்க. முனையில் ஏற்கெனவே மெல்லிய வெடிப்பு தெரிந்தால், கோடு அதன் மேலேயே போகட்டும். அந்தக் கோட்டில் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கணும். பிறகு ஒவ்வொரு பாதியிலும் நடுப்பக்கத்தில் அரை முதல் ஒரு இன்ச் வரை பலகையாகச் சீவி எடுத்துடணும். நடுப்புள்ளி மிச்சம் இருந்தால் கிண்ணத்தில் வெடிப்பு வர வாய்ப்பு மிக அதிகம்.

செயின்சாவில் அறுக்கும்போது கட்டையைப் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் ஆப்பு கொடுத்து, ரம்பத்தின் பட்டையைக் கட்டையின் நீளத்துக்கு இணையாகப் பிடித்து இறக்குவார்கள். தூளுக்குப் பதிலா நூடுல்ஸ் மாதிரி நீள நீளமாகச் சுருள் வரும். அது செயின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி இன்ஜினை நிறுத்திச் சுத்தம் செய்யணும்.

படி 3: வாய் எந்தப் பக்கம்?

பாதிக் கட்டையில் இரண்டு வழி உண்டு. அறுத்த தட்டைப் பக்கம் வாயாகவும் பட்டைப் பக்கம் அடியாகவும் வைத்தால், வழக்கமான வட்டக் கிண்ணம் வரும். பட்டைப் பக்கத்தை வாயாக வைத்தால் விளிம்பு மேலும் கீழுமாக அலைபோல வரும். பட்டையோடேயே விடுபவர்களும் உண்டு. முதல் கிண்ணத்துக்கு முதல் வழியே நல்லது.

படி 4: வட்டம்

தட்டைப் பக்கம் கீழே அசையாமல் உட்காரும்படி வைத்து, அட்டையில் வெட்டிய வட்டத்தைப் பட்டைப் பக்கம் நடுவில் ஆணியால் குத்திக்கொள்ளுங்கள். பேண்ட் சா இருந்தால் அந்த வட்டத்தைச் சுற்றியே அறுத்துடலாம். இல்லைன்னா செயின்சாவால் மூலைகளைக் கழித்து எட்டுப் பட்டையாக்கினாலே போதும். மிச்சத்தை லேத் பார்த்துக்கும்.

படி 5: அன்னைக்கே மெழுகு

அறுத்த அன்னைக்கே நார் திறந்திருக்கும் பக்கங்களில் உருக்கிய மெழுகு தடவுங்க. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது பாதுகாப்பு. மெழுகு இல்லைன்னா மிச்சமிருக்கும் பெயின்ட்டை ரெண்டு கோட்டாகக் கனமாக அடிக்கலாம். கட்டையை நிழலில், தரையில் படாமல் வையுங்க. மொட்டை மாடி வெயில் அதுக்கு எமன்.

பட்டறைக்குப் போனபிறகு...

கட்டில் கால், சப்பாத்திக் கட்டை கடையும் பட்டறைகள் பல ஊர்களில் இருக்கு. ஆனால், அவர்களில் பலர் நீளக் கட்டைக்குப் பழகியவர்கள். ‘கிண்ணம் கடைவீங்களா?’ என்று முதலிலேயே கேட்டுடுங்க.

பச்சைக் கட்டையை இரண்டு முறை கடையணும். முதல் முறை சுவரைத் தடிமனாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விடணும். அதாவது 10 இன்ச் கிண்ணத்துக்கு 1 இன்ச் சுவர். பிறகு காகிதப் பையிலோ, அட்டைப்பெட்டியிலோ போட்டு மெதுவாகக் காயவிடணும். காயக் காய வட்டம் முட்டை வடிவமாகும். பயப்படாதீங்க, அதைச் சரிசெய்யத்தான் அந்தத் தடிமன். மாதம் ஒருமுறை கிச்சன் தராசில் எடை போட்டுக் குறிச்சு வையுங்க. எடை குறைவது நின்றால் கட்டை காய்ந்தாச்சு. அதுக்குப் பல மாதங்கள் ஆகலாம். இரண்டாவது கடைசலில் உங்க கிண்ணம் ரெடி.

இதை மறக்காதீங்க!

செயின்சா பழகாதவங்க தொடவே கூடாது. பட்டையின் நுனி மேல்பக்கம் எதிலாவது இடித்தால் ரம்பம் ஒரு நொடியில் முகத்தை நோக்கி எகிறும். பழகியவரை வைத்தே அறுங்க. கண்ணாடி, காது மூடி, கெட்டி ஷூ கட்டாயம். அறுக்கும்போதும் கடையும்போதும் தூசுக்கு மாஸ்க் வேணும்.

தெருவோர மரங்களில் விளம்பரப் பலகை மாட்டிய ஆணிகள் உள்ளேயே புதைந்திருக்கும். மரத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால், பக்கத்தில் இரும்பு இருக்கலாம். அங்கே ரம்பம் வேண்டாம்.

சாலையோர மரம் உங்களுடையது இல்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கோங்க.

முழு மரத்தையும் காப்பாற்ற முடியாது. பெரும்பகுதி விறகாகத்தான் போகும். ஆனால், லாரி கிளம்புவதற்குள் ஒரு இன்ச் டேப்போடு போய் நின்றால், 16 இன்ச் கட்டை ஒன்று வீட்டுக்கு வரும். அடுத்த வருஷம் அதே பூவரசு உங்க சாப்பாட்டு மேஜையில் வாழைப்பழம் வைக்கும் கிண்ணமாக இருக்கும்.